யாருக்கு முதலில் கொண்டை

ஒரு திங்கட்கிழமை காலை தலை வாரும்போது ஒரு கொத்து முடி வலிக்காமல் சீப்போடு வந்தது. வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பின்னந்தலையில் கை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஈரம். தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை. அதற்கு முந்தைய வாரக் கடைசியில்தான் அந்தத் தலையை ஆசை ஆசையாகப் பார்லரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர், முடியை நேராக்குவதை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சிலர் விட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். "முடிதானே, வளர்ந்துடும்" என்று சொல்கிற புண்ணியவான்களுக்காக இல்லை. அவர்கள் தாராளமாக வேறு பக்கம் போகலாம்.

என் பெயர் ஜெசி. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த குடியிருப்பில் நானும் அம்மாவும். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே எங்களை விட்டுவிட்டு வேறொரு குடும்பத்தோடு போய்விட்டார். அம்மா மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் மீன் விற்றாள். ஆரோக்கியமேரி என்பது ஞானஸ்நானப் பெயர். வாடிக்கைக்காரர்களுக்கு மேரி, மற்ற மீன்காரப் பெண்களுக்கு மேரிக்கா.

அம்மாவுக்கு அடர்த்தியான சுருட்டை முடி. வியாபாரம் முடிந்து வந்து, வாடை போகத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு அள்ளி முறுக்கி ஒரு கொண்டை போடுவாள். ஊக்கு வேண்டாம், ரப்பர் பேண்டு வேண்டாம். அந்தக் கொண்டையில் தினமும் ஒரு முழம் பூ. புருஷன் போன பிறகும் பூ வைக்கிறாளே என்று யாரோ கேட்டதற்கு, "அவன் போனா போறான். பூவு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதே முடிதான் எனக்கும் வந்தது. பள்ளியில் எனக்கு நூடுல்ஸ் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்ணெய் வழிய வழியச் சீவிக்கொண்டுதான் போவேன். தி.நகர் போய் இறங்குவதற்குள் கடற்காற்றில் எல்லாம் எழுந்து நிற்கும். தளத்துக் கண்காணிப்பாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏம்மா ஜெசி, தலைய வாரிட்டு வரக்கூடாதா? கல்யாணப் புடவை பாக்க வர்றவங்க உன் தலையப் பாத்துட்டு நிக்கிறாங்க." நான் வாரிவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் முதல்முறை முடியை நேராக்கினேன்.

பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. கண்ணாடியில் நின்றவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் பூவை வைத்துவிட்டாள். மாதா கோயில் படி ஏறுவதற்குள் பூ வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. "பாத்தியா? சுருட்ட முடின்னா பூவ கெட்டியா புடிச்சிக்கும். இது நழுவ வுட்டுடுது" என்றாள். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வருடக்கணக்காக, வேரில் சுருள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பார்லருக்குப் போவது பழக்கமாகிவிட்டது.

கடைசியாகப் போன பார்லரின் பெயர் இங்கே தேவையில்லை. க்ரீம் தடவிய பெண் யாரோ கூப்பிட்டார்கள் என்று உள்ளே போனாள். தலை எரிந்தது. "எரியுதுங்க" என்றேன். "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் சிஸ்டர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், எரிந்தால் எழுந்துபோய்த் தண்ணீரில் தலையைக் காட்டுங்கள். வெட்கமாவது ஒன்றாவது.

அடையாறில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அம்மா வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். மீன் வாடை அடிக்கும் என்று நடைபாதையிலேயே சுவரோரமாக நின்றுகொண்டாள். மருத்துவர் அம்மாள் கதவைத் திறந்து, "நீங்களும் உள்ள வாங்கம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

டிரைகாஸ்கோப் (தலைத்தோலைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு கருவி) வைத்து நெடுநேரம் பார்த்தார். கெமிக்கல் பர்ன் (ரசாயனம் பட்டு ஏற்பட்ட தீப்புண்) என்றார். அதில் கிருமித் தொற்றும் சேர்ந்திருந்தது. மாத்திரை, களிம்பு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதினார். பிறகு என் முடியில் ஒன்றை எடுத்து விரலில் நீவிக் காட்டினார்.

"புதுசா வேர்லேருந்து வர்றது சுருட்டை. கீழ இருக்கறது நேராக்கினது. ரெண்டும் சேர்ற இடம்தான் வீக். அங்கதான் ஒடியும். இனிமே ரசாயனம் கூடாது, அயர்ன் பண்றதும் கூடாது."

"திரும்ப வருமா டாக்டர்?"

"காதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு வடு இருக்கும், அங்க வராது. மத்த இடத்துல வேர் சாகல. வரும். பொறுமையா இருக்கணும்." சொல்லிக்கொண்டே அம்மாவின் கொண்டையைப் பார்த்தார். "இது உங்க முடியா? எவ்ளோ அழகா இருக்கு! இதேதான் உங்க பொண்ணுக்கும் வரப்போகுது."

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் வடுவைப் பற்றியே நினைத்து அழுதுகொண்டு வந்தேன். பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வருவது அபூர்வம். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில், நாகப்பட்டினம் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். திரும்பி வந்து முந்தானையை எடுத்தபோது, சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

"இன்னாமா இது!"

"வேண்டுதலு. வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வந்தேன்."

"இன்னா வேண்டுதலு?"

"உன் முடிக்குத்தான். எம்பொண்ணுக்கு முடி குடு, என் முடிய நீ எடுத்துக்கன்னு மாதாவாண்ட சொல்லிகினேன்."

"எனக்கு இன்னும் வரவே இல்லியேமா! எல்லாரும் வந்தப்பறந்தானே போய்க் குடுப்பாங்க?"

"டாக்டரம்மா வரும்னு சொல்லிச்சில்ல? அப்பறம் இன்னா? மாதாவ நிக்க வெச்சிகினு இருக்கச் சொல்றியா?"

படகு கரைக்கு வரும் முன்பே ஏலக்காரனிடம் அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவள். வலையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் கொடுத்தால்தான் நல்ல மீன் கிடைக்கும் என்பது அவள் தொழில் கணக்கு. அதே கணக்கை மாதாவிடமும் போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் கத்தினேன், திட்டினேன். அப்புறம் அந்தச் சந்தனத் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஜில்லுனு கீதுடி, நீயும் போட்டுக்கயேன்" என்றாள்.

மொட்டை போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. புண் ஆறி, ஓரிரு விரற்கடை அளவு சுருள் வந்ததும், நேரான முடி அத்தனையையும் வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மாதக்கணக்கில் இரண்டு மாதிரி முடியை வைத்துக்கொண்டு திண்டாடலாம், அல்லது ஒரேயடியாக வெட்டலாம். இரண்டும் சரிதான். என்னுடையது தொட்ட இடத்தில் எல்லாம் ஒடிந்ததால் வேறு வழி இல்லை.

"மீன் வெட்ற கத்திய எடுத்தாரட்டா?" என்றாள் அம்மா. கடைசியில் கத்திரிக்கோலை வைத்துப் பால்கனியில் அவள்தான் வெட்டினாள். நேரான முடியெல்லாம் கடற்காற்றில் பறந்துபோயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். காது பெரிதாகத் தெரிந்தது. வடு தெரிந்தது. மண்டையெல்லாம் குட்டிக் குட்டிச் சுருள். பக்கத்தில் அம்மாவின் தலையில் விரல் நுனி அளவுக்கு முளைவிட்ட முடி.

"பெட்டு வெச்சுக்கலாமா? யாருக்கு மொதல்ல கொண்ட போட வருதுன்னு" என்றாள்.

"நான்தானே முன்னாடி இருக்கேன், தோத்துடுவ."

"அத்த அப்ப பாக்கலாம். நீ தோத்தா ஒரு நாளு என் கடைல குந்தி மீன் வித்துக் காட்டணும்."

"நீ தோத்தா? எங்க கடைக்கு வந்து, நான் எடுத்துக் குடுக்கற பட்டுப்புடவைய வாங்கிக் கட்டிக்கணும்."

நான் வேலைக்குப் போன நாளிலிருந்து ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சியும் வேண்டாம் என்றவள் அவள். மீன்காரிக்கு எதுக்கடி பட்டு என்பாள். எனக்கும் ஒரு வீம்பு இருந்தது, மீன் கூடை பக்கம் நான் போக மாட்டேன். பெட்டு சரியாகத்தான் அமைந்தது.

பராமரிப்பு பற்றிக் கேட்பீர்கள். நான் வீடியோ பார்த்து, பார்த்ததையெல்லாம் வாங்கி, பாதியைத் தூக்கிப்போட்டு, கடைசியில் நிலைத்தது இதுதான். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு (நுரை குறைவாக வரும், முடியின் எண்ணெய்ப் பசையை முழுக்க எடுக்காது). சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் போட்டு விரலால் சிக்கெடுப்பது. காய்ந்த முடியில் சீப்பே வேண்டாம். ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் வழவழவென்று ஒன்று வரும், அதைக் கையில் தடவி முடியைக் கீழிருந்து மேலாக அள்ளிக் கசக்குவது. துண்டுக்குப் பதில் அம்மாவின் பழைய பருத்திப் புடவைத் துண்டு. தூங்க, ரவிக்கை லைனிங்குக்கு வாங்கும் வழுவழுப்பான துணியில் தைத்த தலையணை உறை.

எல்லாம் செய்தும் முடி வைக்கோலாகவே இருந்தது. மருத்துவரிடம் போனபோது, "எந்தத் தண்ணில குளிக்கறீங்க?" என்று கேட்டார். எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யச் சொன்னார். கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனதும் அம்மா கத்தினாள். "குடிக்கிற தண்ணில தலைய அலசறியா? கொழுப்பாடி?" ஆனால் மறுநாளிலிருந்து, காலையில் மீன் எடுக்கக் கிளம்பும் முன்பே அடிபம்பில் மெட்ரோ தண்ணீர் பிடித்து ஒரு பச்சைக் குடத்தில் எனக்கென்று மூடி வைத்துவிட்டுப் போனாள். யாராவது தொட்டால் தொலைந்தார்கள்.

கடையில் முதலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் கட்டாமல் போனேன். கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். "டாக்டர் சொல்லியிருக்காங்க சார், சீட்டு வேணும்னா எடுத்துட்டு வரேன்" என்றேன். மூடிக்கொண்டார். புடவை பார்க்க வந்தவர்கள் புடவையைத்தான் பார்த்தார்கள்.

மாலையில் நான் வீடு திரும்பியதும் இருவரும் கண்ணாடி முன்னால் நிற்போம். ஒரு சுருளை இழுத்து நீட்டி, யாருடையது எங்கே வரை வருகிறது என்று பார்ப்போம். இழுத்து விட்டால் சுருண்டு மேலே போய்விடும். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிறுபிள்ளைபோல் சிரிப்பாள். அவளுடையது வெள்ளையும் கருப்புமாக என்னுடையதைத் துரத்திக்கொண்டு வந்தது. "வந்துகினே கீறேன், பாத்துக்கோ" என்பாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கண்ணாடி பார்த்ததில்லை.

அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. காலையிலேயே இடது தோள் வலிக்கிறது என்றாள். கூடை தூக்கிய வலி என்று இரண்டு பேருமே நினைத்தோம். மீன் விற்றுவிட்டு வந்து, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மதியம் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் ஜவுளிக்கடைக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். சைலன்ட் அட்டாக் (நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமல் வரும் மாரடைப்பு) என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அப்படி வருமாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது அப்படித் தோள் வலி என்றால் உடனே கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.

சவப்பெட்டியில் வைக்கும் முன்பு பெண்கள் பூ வாங்கி வந்தார்கள். அம்மா தலையில் பூ இல்லாமல் போகக்கூடாது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வைக்க இடம் இல்லை. கொண்டை இல்லை, பின்னல் இல்லை, விரல் நீளச் சுருள்தான். பூவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூச்சரத்தை வாங்கி, அவள் சுருளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகினேன். ஊக்குகூடக் குத்தவில்லை. பெட்டியைத் தூக்கியபோது ஆடியது, வண்டியில் ஏற்றியபோது ஆடியது. ஒரு பூகூட நழுவவில்லை. எனக்கு அப்போதுதான் நெஞ்சு வெடித்தது.

கல்லறையிலிருந்து வந்து குளிக்கப் போனேன். மூலையில் பச்சைக் குடம் நிரம்பி, மூடி போட்டு நின்றது. அன்று காலை பிடித்து வைத்தது. தொடத் தைரியம் வரவில்லை. உப்புத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் பல நாள் அதை அப்படியே விட்டு வைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து, சொம்பு சொம்பாக அந்தத் தண்ணீரில் தலையை அலசினேன். கடைசிச் சொம்பை ஊற்றிக்கொள்ள மட்டும் வெகு நேரம் ஆயிற்று.

சில மாதம் கழித்து முடி மறுபடி கொட்ட ஆரம்பித்தது. ஓடினேன். டெலோஜன் எஃப்ளூவியம் (பெரிய அதிர்ச்சிக்குச் சில மாதம் கழித்து முடி கூட்டமாக உதிர்வது) என்றார் மருத்துவர். "பயப்படாதீங்க, தானா நிக்கும். அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நின்றது. வளர்ந்தது. இப்போது நான் செய்வதெல்லாம் பழகிவிட்டது. குடத்தில் தண்ணீர் நானே பிடிக்கிறேன். தலைக்கு ஊற்றும் நாட்களில் நிதானம் தானாக வருகிறது, அவசரப்பட்டால் சிக்கு விழும். வடு இருக்கிற இடத்தை விரல் தேடிப் போகும், தொட்டுவிட்டுத் திரும்பும். நான் காலத்தை மாதக் கணக்கில் எண்ணுவதில்லை. கழுத்துக்குக் கீழே இறங்கியபோது, தோளைத் தொட்டபோது என்றுதான் ஞாபகம் வருகிறது.

போன ஞாயிறு, ஈரத்தோடு அள்ளி முறுக்கினேன். நின்றது. ஊக்கு இல்லாமல், ரப்பர் பேண்டு இல்லாமல் நின்றது. கையை எடுத்த பிறகும் நின்றது. "ஜெயிச்சுட்டேன்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. புடவை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தோற்றவள் வரவேண்டுமே. அவள் வரமாட்டாள் என்றால் தோற்றவள் நானில்லாமல் வேறு யார்? பூ வாங்கி வைத்துக்கொண்டு நேராக மந்தைவெளிக்குப் போனேன்.

அம்மாவின் இடத்துக்குப் பக்கத்தில் விற்கிற லூர்து அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாடி ஜெசி, இங்க இன்னா வேல?" என்றாள்.

"அம்மாவோட பெட்டுல தோத்துட்டேன்க்கா. ஒரு நாளு மீன் விக்கணும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பலகையிலிருந்து கொஞ்சம் சங்கராவையும் வஞ்சிரத்தையும் காலியாகக் கிடந்த அம்மாவின் பலகைக்கு மாற்றி வைத்தாள். நான் தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மீன்மேல் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போனது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேரி! எப்டி கீற? ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு பாத்து. நான் பையன் வீட்டுக்கு பெங்களூர் போய்ட்டேன். அங்க மீனே வாயில வைக்க விளங்கல. வஞ்சிரம் கீதா மேரி?"

லூர்து அக்கா பேச வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பூவோடு கொண்டை கெட்டியாக நின்றுகொண்டிருந்தது. திரும்பினால் அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிடுவார்.

"கீதுமா" என்றேன், திரும்பாமல்.